அரைச் சொம்பு சிங்கப்பூர்த் தண்ணீர்

டிரங்குப் பெட்டியின் மேலிருந்து படகைத் தூக்கியபோது அதன் வயிற்றுக்குள் தண்ணீர் புரண்டது. சேவுகப்பெருமாள் தூக்கியபடியே நின்றார். மெல்ல முன்பக்கம் சாய்த்தார். தண்ணீர் மூக்குக்கு ஓடியது. பின்பக்கம் சாய்த்தார், வாலுக்கு ஓடியது. "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று காரைக்குடி பஸ்ஸில் ஆயுசில் பாதி கத்தியும் ஒரு பயணியைக்கூட உள்ளே நகர்த்த முடியாமல் ஓய்வு பெற்ற கண்டக்டர் அவர். சொல்லாமலே இப்படி முன்னும் பின்னும் போய்வருகிற ஒன்றைப் பார்த்ததும் அவருக்கு முதலில் மரியாதைதான் வந்தது. கவலை அதற்குப் பிறகுதான் வந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஒட்டடை அடித்து வையுங்கள் என்று மனைவி அன்னக்கிளி உத்தரவு போட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மருமகள் யோகலட்சுமி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டுக் காரைக்குடிக்குப் போயிருந்தாள். வீட்டில் அவரும் படகும் மட்டும். மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், முட்டை ஓடு மாதிரி வெள்ளை, தட்டினால் பிளாஸ்டிக்கும் இல்லாமல் மரமும் இல்லாமல் ஒரு சத்தம். அடியில் கத்தி போலத் தொங்கும் தகடு, அதன் நுனியில் பிஞ்சுச் சுரைக்காய் அளவில் ஓர் ஈயக் குண்டு. பாய்களும் பாய்மரமும் தனியே ஒரு பழைய போர்வையில் சுற்றிக் கிடந்தன. மகன் முத்தரசு சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரியில் விட்டு, கரையில் நின்றுகொண்டே ரிமோட்டால் ஓட்டிய படகு. முத்தரசு இப்போது இல்லை. ஆடியில் போய்விட்டான். தீபாவளி கழிந்த பிறகு யோகலட்சுமி அங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு நெற்குப்பைக்கு வந்தபோது இரண்டு பெட்டித் துணியும் ஒரு நீள அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தாள். நீளப் பெட்டியைத் தன் கையாலேயே பிரித்து, டிரங்குப் பெட்டியின் மேல் இரண்டு தலையணை போட்டு, நடுவே இந்தப் படகை உட்கார்த்தி வைத்தாள். அன்றிலிருந்து அவளைத் தவிர அதை யாரும் தொட்டதில்லை.

படகுக்குள் தண்ணீர் இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று சேவுகப்பெருமாளுக்குத் தெரியும். முத்தரசே வீடியோவில் காட்டியிருக்கிறான். ஏரிக்கரையில் நின்றுகொண்டு, கழுத்தில் துண்டோடு, "பாருங்கப்பா, எம்புட்டுத்தான் ஒட்டி அடைச்சாலும் தண்ணி உள்ள போகத்தான் செய்யும். அது தப்பில்ல. ஆனா கரைக்கு வந்ததும் மொத வேலை இத வடிக்கிறதுதான். விட்டுட்டா உள்ள இருக்கிற சாமானெல்லாம் கெட்டுப்போகும்" என்றான். படகின் வால்பக்கம் புளியங்கொட்டை அளவு ரப்பர் மூடி ஒன்று. அதைப் பிடுங்கிவிட்டு, பால் குடித்த பிள்ளையை ஏப்பத்துக்காகத் தோளில் சாய்ப்பதுபோலப் படகை நிமிர்த்திப் பிடித்தான். தண்ணீர் மெல்லிய நூலாக இறங்கியது. "அம்புட்டுத்தான். உட்கார்றதுக்கு முன்னாடி இத முடிச்சிரணும்."

அதையேதான் அவர் செய்தார். கிணற்றடிக்குக் கொண்டுபோய், மூடியை நகத்தால் நெம்பி எடுத்து, படகை மார்போடு நிமிர்த்திப் பிடித்தார். கீழே ஓர் எவர்சில்வர் சொம்பு வைத்தார். நெற்குப்பைக்காரர்கள் தண்ணீரைத் தரையில் ஊற்றமாட்டார்கள். கை கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. மழை பெய்தால் முற்றத்தில் அண்டா வைப்பார்கள். அண்டா நிறைந்தால் குடம். குடமும் நிறைந்தால் டம்ளர். ஒரு ஐப்பசியில் மாவு டப்பாவின் மூடி, கண்ணாடிக் கூடு, கோயிலில் வாங்கிய திருநீற்றுக் கிண்ணம் வரை எல்லாம் நிறைந்துவிட்டதால், மீதி மழையைப் பக்கத்து ஊரில் போய்ப் பெய்யச் சொல்லித் தாம் கைகாட்டியதாகவும் அது போனதாகவும் சேவுகப்பெருமாள் சொல்வதுண்டு.

அரைச் சொம்பு இருந்தது. லேசான பச்சை, நனைந்த தீப்பெட்டி வாசம். கடைசிச் சொட்டு வரை தட்டித் தட்டி இறக்கினார். படகை நிழலில் உலர்த்தி, துண்டால் துடைத்து, மூடியைப் பொருத்தி, பழையபடி தலையணைகளுக்கு நடுவே வைத்தார். சொம்பைத் துவைகல் மேல் வைத்தார், ஏதாவது செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று. மகன் சொல்லிவிட்டுப் போன வேலை ஒன்றைச் சரியாக முடித்த திருப்தி அவருக்கு. போட்ட ஒட்டடைக் கம்பை எடுக்கவே இல்லை. டீக்கடைக்குப் போய், கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டின் முன்வாசலால் நுழைந்த தபால்காரர் பின்வாசலால் வெளியே வந்தபோது அவருக்குப் பென்ஷன் ஆகியிருந்த விவரத்தை, மகன் போன பிறகு முதல்முறையாக, யாரும் கேட்காமலே சொன்னார்.

யோகலட்சுமி சாயங்காலம் வந்தாள். முகம் கழுவினாள். அன்னக்கிளி விளக்கேற்றியதும், வந்த நாளிலிருந்து செய்வதுபோல, டிரங்குப் பெட்டிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் படகைத் துடைக்கிறாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள்; அந்தப் பக்கம் போகாமல் இருப்பார்கள். இன்றைக்குத் தன் வேலையை அவள் கண்டு ஒரு வார்த்தை சொல்வாள் என்ற ஆசையில் சேவுகப்பெருமாள் நிலைப்படியில் நின்றார். அவள் துடைக்கவில்லை. படகை இரு கையாலும் எடுத்துக் காதோடு வைத்து, மெல்ல ஒருபக்கம் சாய்த்தாள். கண்ணை மூடியிருந்தாள். மறுபக்கம் சாய்த்தாள். கண்ணைத் திறந்தாள். மறுபடியும் முதல் பக்கம்.

"மாமா."

"என்னத்தா."

"இதுக்குள்ள தண்ணி இருந்துச்சே."

"வடிச்சு..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். மீதியை நாக்கே பார்த்துக்கொண்டது. "வடிச்சு, பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

அவள் மூச்சு விட்டது அவருக்குக் கேட்டது.

"நெசமாவா மாமா? நல்லவேளை. நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல." படகை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அவரு கரைக்கு வந்தாரு. எப்பவும் நின்னுக்கிட்டே வடிச்சிட்டுத்தான் மறுவேலை. காப்பிய நீட்டுனாக்கூட வாங்கமாட்டாரு, இரு, தண்ணி இருக்குன்னுவாரு. அன்னைக்கு மட்டும் படகைக் கையில வச்சுக்கிட்டே பெஞ்சில உட்கார்ந்தாரு. கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன் யோகம்னாரு. அம்புட்டுத்தான்." அவள் வால்பக்கத்து மூடியைக் கட்டைவிரலால் தடவினாள். "வடிக்காம விட்ட ஒரே தண்ணி மாமா. உள்ள இருக்கிற பேட்டரிய மட்டும் எடுத்துட்டு, மேல்மூடிய டேப் போட்டு ஒட்டி, அப்படியே கொண்டாந்துட்டேன். ஏர்போர்ட்ல யாருகிட்டயும் சொல்லல. எங்க வச்சிருக்கீக?"

"கிணத்தடியில. குளுமையா இருக்கட்டும்னு. இந்தா, கொண்டாரேன்."

கிணற்றடியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. துவைகல் மேல் சொம்பு கவிழ்ந்திருந்தது, நன்றாகத் தேய்த்துக் கழுவி. சேவுகப்பெருமாள் அதை நிமிர்த்தி உள்ளே பார்த்தார். அவருடைய முகம்தான் தெரிந்தது.

அன்னக்கிளி அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னம், கல்லு மேல ஒரு சொம்புல தண்ணி இருந்துச்சே."

"ஆமா, பாசி வாடை அடிச்சுச்சு. என்ன கருமமோன்னு கழனிப் பானையில ஊத்திட்டேன். ஏன்?"

"பானை எங்க?"

"அழகி வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாளே. என்னத்துக்கு மூஞ்சி அப்படிப் போகுது?"

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்கு நடந்தார். அழகிக்கு ஒரு செவலைப் பசு. அன்னக்கிளி வீட்டு அரிசிக் கழுவலும் ஆறிய கஞ்சியும் சாயங்காலம் அந்த மாட்டுக்குப் போகும். அந்த மாட்டின் பால் காலையில் அன்னக்கிளி வீட்டுக்கு வரும். பாலில் தண்ணீர் இருக்கிறது என்று அன்னக்கிளியும், இல்லவே இல்லை என்று அழகியும் பல வருடமாகத் தினமும் காலையில் பேசிக்கொள்வார்கள். அதில்லாமல் இரண்டு பேருக்கும் பொழுது விடியாது.

"அழகி, கழனித் தண்ணிய மாட்டுக்கு வச்சிட்டியா?"

"வச்சாச்சுண்ணே."

"குடிச்சிருச்சா?"

"மாடு குடிக்காம, பின்ன நானா குடிப்பேன்? வாளிய நக்கித் தள்ளிருச்சு. ஏண்ணே, மோதிரம் கீதிரம் விழுந்திருச்சா?"

"இல்ல இல்ல. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டேன் என்றவர் தொழுவத்தில் போய் மாட்டுக்கு முன்னால் நின்றார். அது அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்த்தது. நம்புவதும் இல்லை, நம்பாமலும் இல்லை என்கிற பார்வை. பஸ்ஸில் வந்தவர்கள் எத்தனையோ வருடம் அவரைப் பார்த்த பார்வை. அவர் அதன் வயிற்றில் கைவைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே எங்கோ தண்ணீர் புரளும் சத்தம் கேட்டதாக அவர் பின்னாளில் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் கேட்டது.

திரும்பி வந்து கிணற்றில் ஒரு வாளி இறைத்தார். சொம்பில் பாதிக்கு ஊற்றினார். பொய் சொல்வதை ஒரு வேலையாகவே மதித்துச் செய்கிறவர் அவர். அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. கிணற்று உறையில் படிந்த பாசியில் ஒரு துளி கிள்ளித் தண்ணீரில் கசக்கினார். லேசான பச்சை வந்தது. முகர்ந்து பார்த்தார். தீப்பெட்டி வாசம் மட்டும் குறைந்தது. அதையும் கேட்டால், குளிர்ச்சியில் அடங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சிங்கப்பூர் அதிகாரிகளே வந்து பார்த்தாலும் தங்கள் தண்ணீர்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

யோகலட்சுமி அதற்குள் அடுப்படியிலிருந்து எண்ணெய் ஊற்றும் புனலை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். படகின் மூடி திறந்திருந்தது. அவர் சொம்பை நீட்டினார். அவள் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி அதை வாங்கினாள். வாங்கியதும் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சேவுகப்பெருமாள் பார்த்தார். இனி ஒவ்வொரு சாயங்காலமும் இந்தப் பிள்ளை கண்ணை மூடி, இந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் காதில் வைத்துக் கேட்கும். அவர் நிலைப்படியில் நிற்பார். அப்படி ஒரு சாயங்காலத்தைத் தாங்குகிற பொய் தம்மிடம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"ஆத்தா, இது அந்தத் தண்ணி இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"அத மாடு குடிச்சிருச்சு."

யோகலட்சுமி அவரையே பார்த்தாள். உதடு ஓரம் துடித்தது. பிறகு சிரித்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு சிரித்ததே இல்லை. சிரிப்பு பழகாத இடத்தில் வந்ததால் இடறி இடறி வந்தது. "போங்க மாமா. இந்த நேரத்துலயும் உங்களுக்கு..." என்று சொல்லிக்கொண்டே புனலைப் படகின் ஓட்டையில் வைத்தாள்.

அவர் நினைத்திருந்தால் அத்தோடு விட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லியாயிற்று. நம்பாதது அவள் பாடு. இத்தனை வருடம் சொன்ன பொய்யை எல்லாம் நம்பினார்கள். முதல் உண்மைக்குச் சிரிக்கிறார்கள். ஆனால் சொம்பு சாய்வதைப் பார்த்ததும் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மருமகளின் கையை அவர் தொட்டதே இல்லை. இருவருமே திடுக்கிட்டார்கள்.

"சத்தியமாத்தா."

"சத்தியமா, வேட்டியப் பாயாக் கட்டி பஸ்ஸ ஓட்டுனேன்னும்தான் சொல்வீக."

"அன்னம்! அன்னம், இங்குட்டு வா. வந்து சொல்லு. அந்தச் சொம்புத் தண்ணிய என்ன பண்ணுன?"

புளிக்கையோடு வந்த அன்னக்கிளி, "அதான் சொன்னேனே, கழனிப் பானையில ஊத்துனேன், அழகி மாட்டுக்குப் போயிருச்சு. அதுக்கு என்ன இப்ப ஊரைக் கூட்டுறீக?" என்றாள். அன்னக்கிளி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் போனாள். "என்ன தண்ணி அது?"

யோகலட்சுமிதான் சொன்னாள். மெதுவாக, பெஞ்சில் உட்கார்ந்த இடம் வரைக்கும் சொன்னாள். அன்னக்கிளி புளிக்கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கீழ ஊத்தலத்தா," என்றாள். "ஒரு சொட்டுக்கூடத் தரையில விடல. பாசி வாடைன்னு கொட்டியிருப்பேன், மனசு வரல. வாயில்லாச் சீவன் குடிக்கட்டும்னுதான்..."

"தெரியும் அத்தை."

"எம் பிள்ளை வச்சிட்டுப் போன தண்ணியா அது."

"குடிக்கத்தான அத்தை செஞ்சிருக்கு. வீணாப் போகலல்ல." யோகலட்சுமி அதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சொம்பைக் கீழே வைத்தாள். வைத்த சொம்பைச் சேவுகப்பெருமாள் எடுத்துப்போய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. யோகலட்சுமி படகைத் தலையணைகளுக்கு நடுவே வைத்தாள். ஆனால் காதில் வைக்கவில்லை.

காலையில் அழகி பால் கொண்டுவந்தாள். சொம்பை வாங்கிய அன்னக்கிளி, வழக்கம்போல ஆட்காட்டி விரலைப் பாலில் தோய்த்து நிமிர்த்திப் பார்த்தாள். அழகி இடுப்பில் கைவைத்துத் தயாரானாள்.

"தண்ணி கலந்திருக்கா அழகி?"

"இந்தா மதினி, காலங்காத்தால ஆரம்பிக்காதீக. மாட்டு மடியில இருந்து அப்படியே கொண்டாரேன். ஒரு சொட்டுக் கலந்திருந்தா என் கை..."

"ஒரு சொட்டுக்கூடவா இல்ல?"

"இல்லவே இல்லங்கறேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. கொஞ்சமாவது இருக்கும்."

அன்னக்கிளியின் குரலில் இருந்தது சண்டை இல்லை என்பதை அழகி அப்போதுதான் கவனித்தாள். சேவுகப்பெருமாளைப் பார்த்தாள். அவர் உத்தரத்தைப் பார்த்தார். "இருந்தா... இருந்தா கொஞ்சம் இருக்கும் மதினி," என்று சொல்லிவிட்டு அழகி நடையைக் கட்டினாள். போகும்போது, கண்டக்டர் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும்.

அன்னக்கிளி காப்பி போட்டாள். மூன்று டம்ளர். மூன்று பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் முதலில் எடுக்கவில்லை. பிறகு யோகலட்சுமி எடுத்தாள், ஊதினாள், ஒரு வாய் குடித்தாள். அன்னக்கிளி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் யோகலட்சுமி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இனிப்புத்தான் கம்மி அத்தை," என்றாள். அன்னக்கிளி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவனும் எப்பவும் அதைத்தான் சொல்வான் என்று சொல்லி இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வந்த யோகலட்சுமி, "மாமா, கண்மாயில தண்ணி கிடக்கா?" என்று கேட்டாள்.

"நிறைஞ்சு கிடக்கு. ஏன்?"

"உள்ள இருக்கிற பெட்டி போயிருக்கும். இருந்தாலும் சும்மா விட்டுப் பார்ப்போம்."

மேல்மூடியின் டேப்பை அவள் பிரித்தாள். ரிமோட் சொல்வதைக் கேட்டுப் பாயை இழுக்கும் கறுப்புப் பெட்டியின் காலெல்லாம் பச்சை பூத்திருந்தது. அவன் சொன்னபடிதான், வடிக்காமல் விட்டால் கெட்டுப்போகும். அதைக் கழற்றிப் போர்வையில் வைத்தாள். பாய்மரத்தை நட்டாள், கம்பிகளைக் கட்டினாள், பாய்களை ஏற்றினாள். சுக்கானை நேராக வைத்து டேப் ஒட்டினாள். வாலில் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூல் ஒரு கண்டு கட்டிக்கொண்டாள், திசை மாறிப் போனால் இழுத்துக்கொள்ள. பாய் ஏறியதும் படகு சேவுகப்பெருமாளின் உயரத்துக்கு வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது வாடைக்காற்று பாயில் பிடித்து அவரைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

"உங்க பஸ் கதைய அவரு அங்க சொல்லியிருக்காரு மாமா," என்றாள் யோகலட்சுமி, பின்னால் வந்துகொண்டே.

அது அவருடைய கதைகளில் மூத்தது. ஓர் ஆடி மாதம் காரைக்குடி போகிற வழியில் டீசல் தீர்ந்து பஸ் நின்றுவிட்டது. ஆண் பயணிகளின் வேட்டிகளை எல்லாம் அவிழ்த்து வாங்கி, முடிச்சுப் போட்டு, மேலே சாமான் கட்டும் கம்பியில் பாயாகக் கட்டினார். காற்று தள்ளிய வேகத்தில் மூன்று நிறுத்தங்களில் நிறுத்தவே முடியவில்லை. வேட்டி கொடுத்தவர்களுக்கு ஜன்னல் சீட். முத்தரசு சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதைத் தினமும் சொல்லச் சொல்லிக் கேட்பான்.

"அங்க படகு விடுறவங்க எல்லாரும் கூடி உட்கார்ந்திருந்தப்ப சொன்னாரு. எங்கப்பாதான் நான் பார்த்த முதல் பாய்க்கப்பல்காரர்னு. ஒருத்தரும் சிரிக்கல மாமா. எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. காத்து எந்தப் பக்கம் இருந்துச்சு, வேட்டி எத்தனை முழம், ரோடு வளையிற இடத்துல பாயை எப்படித் திருப்புனாருன்னு கேக்குறாக. இவரு முழிக்கிறாரு. ஊருக்குப் போறப்ப எங்கப்பாகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேன்னாரு."

"கேக்கவே இல்லையே."

"அதுக்கப்புறம் ஊருக்கு வரல."

சேவுகப்பெருமாள் பாயை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். "வளைவுல வேட்டியத் திருப்பல," என்றார். "ஆளுகளத்தான் அங்குட்டு இங்குட்டு மாத்தி உட்காரவச்சேன்."

"அப்படியா," என்றாள் யோகலட்சுமி, குறித்துக்கொள்வதுபோல.

கண்மாய் நிறைந்துதான் கிடந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செம்மலை கம்பை ஊன்றி நின்று பார்த்தார். "என்ன கண்டக்டரே, கப்பலா?"

"சிங்கப்பூர் சர்வீஸ். ஏறுறியா?"

"ஆட்டுக்கு டிக்கெட் உண்டா?"

"ஆட்டுக்கு உண்டு. உனக்கில்ல."

வடக்குக் கரையில் யோகலட்சுமி நின்றுகொண்டாள். படகு போய்ச் சேரவேண்டிய தெற்குப் பக்கத்துக்கு, மடையைச் சுற்றிக்கொண்டு சேவுகப்பெருமாள் நடந்தார். போய்ச் சேர்ந்து கையைத் தூக்கினார். எதிர்க்கரையில் அவள் குனிவதும், வெள்ளையாக ஒன்று தண்ணீரில் இறங்குவதும் தெரிந்தன. முதலில் அது போகிற உத்தேசமே இல்லாமல் நின்றது. பிறகு ஒரு காற்று வந்தது. பாய் வயிறு உப்பியது. படகு ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. அவர் எதிர்பார்த்ததைவிட வேகம். அல்லி இலைகளில் உட்கார்ந்திருந்த சிறு கொக்குகள் எழுந்து போயின. அலை மூக்கில் ஏறி முதுகில் வழிவதும், முங்கிவிடுமோ என்று நினைக்கும்போது அது தலையை உதறிக்கொண்டு எழுவதும் அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவர் வாய்விட்டு ஏதோ சொன்னார். "வா வா" என்று இருக்கலாம். "ரைட் ரைட்" என்றும் இருக்கலாம். அந்தப் பக்கக் கரையில் கேட்க ஆள் இல்லை.

முழங்கால் தண்ணீரில் ஈயக் குண்டு தட்டிப் படகு நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி அவர் அதைப் பிடித்தார். தூக்கியபோது கனம் கூடியிருந்தது. உள்ளே தண்ணீர் புரண்டது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, படகைக் காதோடு வைத்து மெல்லச் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

யோகலட்சுமி தங்கூசியைச் சுற்றிக்கொண்டே கரையைச் சுற்றி வந்தாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. அவர் நிற்பதைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, "நிமிர்த்திப் புடிங்க மாமா," என்றாள். அவர் பிடித்தார். மூக்கு வானத்தைப் பார்க்க, பாய் அவர் தோளில் படபடக்க, படகு அவர் மார்பில் சாய்ந்து நின்றது. அவள் குனிந்து வாலில் இருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கினாள்.

தண்ணீர் வரவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டையின் மேல் சேவுகப்பெருமாளின் கட்டைவிரல் இருந்தது.

"மாமா."

"ம்."

"உட்கார்றதுக்கு முன்னாடி முடிச்சிரணும்பாரு."

"ஆமாமா. எங்கிட்டயும் சொல்லியிருக்கான்."

விரலை எடுக்கவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை, மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். காற்று பாயைத் தள்ளும்போதெல்லாம் உள்ளேயிருந்த தண்ணீர் ஒரு சின்னப் பிள்ளை விரலால் அழுத்துவதுபோல அவர் விரலை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது.